சிங்கப்பூருக்கு வரும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு: கோவிலும் பங்கும் தேடிக்கொள்ளும் வழி

வேலைக்கோ படிப்புக்கோ சிங்கப்பூர் வந்து இறங்கும் நம் ஆட்கள், வீடு, சிம் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முதல் சில வாரங்களிலேயே முடித்துவிடுகிறார்கள். கோவில் விஷயத்தில் மட்டும் தமிழ்ப் பூசை எங்கே என்று யாரிடமாவது கேட்டு, ஞாயிறுதோறும் போய் வருவதோடு நின்றுவிடுகிறார்கள். சில வருஷம் கழித்துப் பிள்ளைக்குப் புதுநன்மை, தம்பிக்குக் கல்யாணம், வீட்டில் ஒரு சாவு என்று வரும்போதுதான் இந்தத் தீவின் எந்தப் பங்கேட்டிலும் தங்கள் பெயர் இல்லை என்பது தெரியவருகிறது. அந்த நேரத்தில் ஓடி அலைவது பெரிய வேதனை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பூசையும் வேண்டும், வீட்டுக்குப் பக்கத்துப் பங்கும் வேண்டும். முதலாவது நம் மொழியில் நாம் ஜெபிக்கும் இடம். இரண்டாவது, நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அண்டை அயலார் இருக்கும் இடம். ஒன்று இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

புறப்படும் முன்

ஊர்ப் பங்குச்சாமியிடம் வாங்கி வரவேண்டியவை: திருமுழுக்குச் சான்று, உறுதிப்பூசுதல் சான்று, திருமணமானவர்கள் என்றால் கோவில் திருமணச் சான்று. குழந்தைகளுக்கும் தனித்தனியாக வாங்குங்கள். மறைக்கல்வி படிக்கிற பிள்ளை என்றால் எந்த வகுப்பு வரை முடித்திருக்கிறது, பாவசங்கீர்த்தனமும் புதுநன்மையும் ஆகிவிட்டதா என்று ஒரு கடிதமும் வேண்டும்.

சான்று ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் முதலெழுத்து ஒரு ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்திருக்கும், ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் பள்ளிப் பெயர் ஒன்றுமாக இருக்கும். இங்குள்ள பங்கு அலுவலகத்தில் சீனரோ பிலிப்பினோவோ உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வேறுபாடு இருந்தால் இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்று பங்குச்சாமியிடம் எழுதி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாண வயதில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. திருமணத்துக்குக் கேட்கப்படும் திருமுழுக்குச் சான்று வழக்கமாக ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒருவருக்கு நடக்கும் திருமணம், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டில்தான் குறிக்கப்படுகிறது. புதிதாக எடுத்த சான்றைப் பார்த்தால்தான் ஏற்கெனவே திருமணம் ஆனவரா இல்லையா என்பது தெரியும். பழைய சான்றைப் பத்திரமாக வைத்திருந்தாலும் அது உதவாது. ஊர்ப் பங்கின் தொலைபேசி எண்ணைக் கையோடு வைத்திருங்கள்.

முதல் ஞாயிறு: லூர்து மாதா கோவில்

ஓஃபிர் சாலையில் இருக்கிறது லூர்து மாதா கோவில். பூகிஸ், ரோச்சோர், ஜாலான் புசார் என்று எந்த எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினாலும் நடந்து போய்விடலாம். தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவிலிருந்தும் நடக்கிற தூரம்தான். தமிழ்ப் பூசை ஞாயிறுதோறும் உண்டு. வேறு சில பங்குகளிலும் தமிழ்ப் பூசை நடக்கிறது. நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பட்டியலை நம்பாமல் மறைமாவட்ட இணையதளத்தைப் பாருங்கள், அல்லது கோவில் அலுவலகத்துக்கே போன் போடுங்கள்.

பூசை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கெபிப் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். திருச்சி, தூத்துக்குடி, குமரி, புதுவை, யாழ்ப்பாணம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று எல்லாருமே அங்கே இருப்பார்கள். வாடகைக்கு அறை, பிள்ளைக்குத் தமிழ் டியூஷன், ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்துவிட ஒரு பொட்டலம் என்று எதுவாக இருந்தாலும் அங்கே கேட்கலாம். நீங்களே போய்ப் பேச்சுக் கொடுங்கள். புதியவர் என்று தெரிந்தால் யாரும் ஒதுங்கிப் போகமாட்டார்கள்.

ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள்

வந்த முதல் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையை இதற்காக ஒதுக்குங்கள். சிட்டி ஹால் எம்ஆர்டியில் தொடங்கி ஓஃபிர் சாலையில் முடிகிற இந்த நடைக்குள் இருநூறு வருஷ வரலாறு இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே பங்கு வாழ்க்கைக்குள் நுழைந்தால், ஏன் ஒரே பகுதியில் இத்தனை கோவில்கள் என்பதுகூடப் புரியாது.

முதலில் குவீன் ஸ்திரீட்டில் உள்ள நல்ல ஆயன் பேராலயம். 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இங்கே வணிகத்தளம் அமைத்தார். 1821 டிசம்பரில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த லாரன்ட் இம்பெர்ட் என்ற இளங்குரு வந்து பார்த்தபோது ஒரு டஜன் கத்தோலிக்கர்தான் இருந்தார்கள். 1833-இல் பிராஸ் பசா சாலையில் ஒரு சிறு சிற்றாலயம் எழுந்தது. அது போதாமல் போகவே அருட்தந்தை ழான் மரி பெரெல் முயற்சியில் இந்தப் பேராலயம் கட்டப்பட்டு 1847 ஜூன் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இம்பெர்ட் பின்னர் கொரியாவின் ஆயரானார். அங்கே வேதகலாபனை மூண்டபோது கிறிஸ்தவர்களைக் காப்பாற்றத் தானே சரணடைந்தார். நல்ல ஆயன் தன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்று சொல்லித் தன் உடன்குருக்கள் இருவரையும் சரணடையச் சொன்னார். 1839 செப்டம்பர் 21 அன்று மூவரும் தலை வெட்டப்பட்டு இறந்தார்கள். பேராலயத்தின் பெயர் இதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1984-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவருடைய திருப்பண்டம் இங்கேதான் இருக்கிறது. 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசிக்கொண்டிருந்தபோது இதே பேராலயம் அவசர மருத்துவமனையாக இருந்தது.

சாலையைக் கடந்தால் சைம்ஸ். இப்போது உணவகங்கள் நிறைந்த இடம். 1854-இல் வந்த குழந்தை இயேசு கன்னியரின் மடமும் பள்ளியும் அநாதை இல்லமும் 1983 வரை இங்கேதான் இருந்தன. விக்டோரியா ஸ்திரீட் பக்கம் மதிலோரமாகப் போனால் ஒரு சிறிய கதவு வரும். நம்பிக்கை வாசல் என்று பெயர். வளர்க்க வழியில்லாதவர்கள் கைக்குழந்தைகளை இந்தக் கதவருகில்தான் விட்டுப் போவார்கள். பெண் குழந்தைகளே அதிகம். புலி வருஷத்தில் பிறந்த பெண் ஆகாது என்ற நம்பிக்கையால் விடப்பட்டவர்களும் உண்டு. அவர்களைக் கன்னியர் எடுத்து வளர்த்தார்கள். இந்த ஊரின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றின் கதை அந்தக் கதவிலிருந்துதான் தொடங்குகிறது. அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

அதே விக்டோரியா ஸ்திரீட்டில் இன்னும் கொஞ்சம் நடந்தால் புனித சூசையப்பர் கோவில். இது போர்ச்சுகீசியர் தளம். 1825-இல் இங்கே பணி தொடங்கி, 1853-இல் முதல் கோவில் கட்டி, இப்போதுள்ள கட்டடத்தை 1912-இல் முடித்தார்கள். மலாக்காவிலிருந்து வந்த யுரேசியர்கள், அதாவது ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தினர்தான் இதன் முதுகெலும்பு. நம் ஊரில் பதுரவாதோ குருக்களும் (போர்ச்சுகல் அரசரின் ஆதரவுரிமையின் கீழ் இருந்தவர்கள்) ரோமையின் குருக்களும் எல்லைக்காகப் போட்டுக்கொண்ட சண்டையைப் பற்றிப் பாட்டன் காலத்துக் கதை கேட்டிருப்பீர்களே, அதே சண்டை இங்கும் நடந்தது. ஒரே தீவில் பிரெஞ்சுக் குருக்கள் ஒரு அதிகாரத்தின் கீழ், போர்ச்சுகீசியக் குருக்கள் இன்னொரு அதிகாரத்தின் கீழ். இந்தக் கோவில் 1981-இல்தான் மக்காவ் மறைமாவட்டத்திடமிருந்து சிங்கப்பூர் உயர்மறைமாவட்டத்துக்கு வந்தது.

திரும்ப குவீன் ஸ்திரீட்டுக்கு வந்தால் புனித பேதுரு பவுல் கோவில். 1870-இல் கட்டி முடித்த இந்தக் கோவில்தான் சீனக் கத்தோலிக்கரின் தாய்க்கோவில். நமக்கும் இதில் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தமிழருக்கெனத் தனிக் கோவில் வரும் வரைக்கும் சீனரும் இந்தியரும் இங்கேதான் ஒன்றாக வந்தார்கள். இரு சாராருக்கும் மேய்ப்பராக இருந்தவர் அருட்தந்தை பியேர் பாரி. அப்புறம் ஒவ்வொரு மொழியாகப் பிரிந்து போனது. இந்தியர்கள் 1888-இல் லூர்து மாதா கோவிலுக்கு. கான்டனீசும் ஹக்காவும் பேசியவர்கள் 1910-இல் டேங்க் சாலையின் திரு இருதய ஆண்டவர் கோவிலுக்கு. ஹொக்கியன் பேசியவர்கள் 1929-இல் கம்போங் பாருவின் புனித தெரேசம்மாள் கோவிலுக்கு. டியோச்சியூ பேசியவர்களுக்கு அப்பர் சிராங்கூனில் மாதா பிறப்புக் கோவில் முன்பே இருந்தது. அதன் இப்போதைய கட்டடம் 1901-இல் எழுந்தது.

புக்கிட் தீமா பக்கத்து உள்காட்டில் காம்பியரும் (தோல் பதனிடவும் சாயத்துக்கும் உதவும் செடி) மிளகும் பயிரிட்ட டியோச்சியூக் கத்தோலிக்கர் பட்ட பாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். மனந்திரும்பியவர்கள் சீன ரகசியச் சங்கங்களோடு சேராமல் விலகியிருந்தார்கள். அந்தக் கோபத்தில் 1851-இல் அவர்களுடைய தோட்டங்களைத் தாக்கிப் பல பேரைக் கொன்றார்கள். வசதியான ஊரில் வசதியாக வளர்ந்த சபை இது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

பக்கத்துத் தெருவான வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஒரு யூதத் தொழுகைக்கூடம், ஸ்ரீ கிருஷ்ணன் கோவில், அதை ஒட்டியே குவான் இம் சீனக் கோவில். சீனப் பக்தர்கள் ஒரு கோவிலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் பக்கத்துக் கிருஷ்ணன் கோவிலிலும் கும்பிட்டுப் போவதைப் பார்க்கலாம். நம் கோவில்கள் இந்த அயலாருக்கு நடுவில்தான் எப்போதும் இருந்திருக்கின்றன.

அங்கிருந்து ஓஃபிர் சாலை. லூர்து மாதா கோவிலுக்கு 1886-இல் அடிக்கல் நாட்டி 1888 மே மாதத்தில் மந்திரித்தார்கள். பிரான்சில் உள்ள லூர்து பேராலயத்தின் சாயலில், வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கெனச் சிங்கப்பூரில் கட்டிய முதல் கோவில் இது. 2005 முதல் தேசிய நினைவுச் சின்னம். இதைக் கட்டிய பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள்தான் 1776 முதல் புதுச்சேரி மறைப்பணித் தளத்தையும் நடத்தி வந்தார்கள். வங்காள விரிகுடாவின் இரு கரையிலும் ஒரே சபை. அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினத்தில் சில வருஷம் நடந்த அவர்களுடைய குருமடம், 1808-இல் பினாங்குத் தீவில் மறுபடி தொடங்கியது. சிங்கப்பூர் இளைஞர்கள் வெகுகாலம் குருத்துவத்துக்குப் படித்ததும் அந்தப் பினாங்குக் குருமடத்தில்தான்.

போர்க்காலத்தையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் உணவுப் பஞ்சம் வந்தபோது, 1943 இறுதியில் ஆயர் அட்ரியன் தெவால் யுரேசியரையும் சீனக் கத்தோலிக்கரையும் மலாயாவின் பஹாவ் காட்டுக்கு அழைத்துப் போய்க் குடியேற்றினார். நிலம் பண்படவில்லை, மலேரியா வாரிக்கொண்டு போனது. ஆயரும் 1945 ஜனவரியில் அங்கேயே இறந்தார். பழைய யுரேசியக் குடும்பத்துப் பெரியவர்களிடம் பேசினால் பஹாவ் என்ற பெயர் எப்படியும் வந்து விழும்.

மொழிக் கோவிலிலிருந்து வட்டாரப் பங்குக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு மக்கள் கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரே புளோக்கில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் கலந்து குடியிருந்தார்கள். கோவில்களும் அவர்கள் பின்னால் போயின. 1971-இல் தோ பாயோவில் உயிர்த்த கிறிஸ்து கோவில் வந்தது. பிறகு ஒவ்வொரு புதுநகரிலும் ஒரு கோவில் எழுந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஆங்கிலப் பூசையும், அவரவருக்கென மாண்டரின், தமிழ் முதலிய மொழிப் பூசைகளும் என்ற இன்றைய ஏற்பாடு அப்படித்தான் உருவானது. இப்போது தீவில் முப்பதுக்கும் மேற்பட்ட பங்குகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 7 சதவீதத்தினர் கத்தோலிக்கர். நம்மைப்போல வேலை அனுமதியில் இருப்பவர்கள் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். பேராயர் வில்லியம் கோ 2022-இல் கர்தினால் ஆனார். 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் வந்து தேசிய விளையாட்டரங்கில் பூசை வைத்தபோது ஐம்பதாயிரம் பேர் அளவுக்குக் கூடினார்கள்.

பங்கில் பதிவு செய்வது

திருச்சபைச் சட்டப்படி ஓரிடத்தில் மூன்று மாதம் தங்கினால், அல்லது அவ்வளவு காலம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, நீங்கள் அந்த இடத்துப் பங்கைச் சேர்ந்தவர். அனுமதி அட்டை எந்த வகை, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் இதில் வராது. வீட்டுக்கு அருகில் உள்ள பங்கு அலுவலகத்துக்குச் சான்றுகளின் நகலோடு போய்ப் பதிவுப் படிவத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமை பல அலுவலகங்கள் மூடியிருக்கும், முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள். நம் ஊர்போல் பங்கு வரி கிடையாது. காணிக்கை உங்கள் விருப்பம். ரொக்கமாகவும் போடலாம், பேநவ் (கைபேசி வழிப் பணம் அனுப்பும் முறை) கியூஆரில் அனுப்பவும் செய்யலாம். வீடு மாறினால் புதுப் பங்கில் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலப் பூசைக்கு முதல்முறை போகிறவர்களுக்குக் கூச்சம் இருக்கும். ஜெபங்களின் வரிசை ஒன்றுதான், பதில்கள் திரையிலோ புத்தகத்திலோ இருக்கும். வாசலில் நிற்கும் வார்டன்கள் இடம் காட்டுவார்கள், அவர்கள் சொல்கிற இடத்தில் உட்காருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடனைத் தீர்க்கும் என்பது ஞாயிற்றுக்கிழமை வேலை இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. கொடியேற்றம், தேர்பவனி என்று தெருவை அடைக்கிற திருவிழாவை எதிர்பார்க்காதீர்கள். பொது இடத்தில் ஊர்வலத்துக்குக் காவல்துறை அனுமதி வேண்டும் என்பதால் பவனி பெரும்பாலும் கோவில் வளாகத்துக்குள்ளேயே நடக்கும். ஒலிபெருக்கியும் வெளியே கேட்காது.

பூசை முடிந்ததும் கோவில் கேன்டீனுக்குப் போய் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு உட்காருங்கள். பங்கு வாழ்க்கை தொடங்குவது அங்கேதான். பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் போதும், சீனரோ யுரேசியரோ கோவாக்காரரோ எல்லாருக்கும் அது பொருந்தும். மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு எல்லாம் ஊரில் உள்ளவையே. நம் அன்பியம் போன்ற வட்டாரக் குழுக்களும் உண்டு. மே, அக்டோபர் மாதங்களில் வீடு வீடாக ஜெபமாலை சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் கேளுங்கள். ஒரு பத்து மணியைத் தமிழில் சொல்லுங்கள், அடுத்த பத்தை ஒருவர் தகலோகிலோ மாண்டரினிலோ சொல்வார். சுண்டலும் வடையும் வைத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் யுரேசியர் வீட்டிலிருந்து சுஜி கேக்கும் டெவில் கறியும் உங்கள் வீடு தேடி வரும்.

இங்கே கண்டிப்பாக ஒன்று. மற்ற மதத்தைத் தாழ்த்துகிற சாட்சியம், காணொளி, துண்டுப் பிரசுரம் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990-இல் நிறைவேறிய தனிச் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான்.

பிள்ளைகள், பள்ளி

மறைக்கல்வி வகுப்பு பெரும்பாலான பங்குகளில் பள்ளி ஆண்டைப் போல ஜனவரியில் தொடங்கும், ஆங்கிலத்தில் நடக்கும். பல வருஷம் தொடர்ந்து படித்து உயர்நிலை வகுப்புகளில்தான் உறுதிப்பூசுதல். இடையில் விட்டுவிட்டுக் கடைசி வருஷம் சேர முடியாது. வீட்டில் மாலை ஜெபத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதை நாம் விட்டால் பிள்ளைக்கு வேறு யாரும் சொல்லிக் கொடுக்கப்போவதில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள குடும்பங்கள், பள்ளியோடு தொடர்புள்ள கோவிலின் பரிந்துரை பெற்றால், தொடக்கநிலை ஒன்று பதிவின் 2பி கட்டத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தப் பரிந்துரைக்குப் பங்கில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பதிவு மூன்றாம் கட்டத்தில்தான் வரும்.

கல்யாணம்

தேதி குறிக்கும் முன் பங்குச்சாமியைப் பாருங்கள், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். குறைந்தது ஆறு மாத அவகாசம், முடிந்தால் அதற்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். திருமணத் தயாரிப்பு வகுப்பு கட்டாயம், அதில் இடம் கிடைக்கவே காத்திருக்க வேண்டிவரும். ஊரில் திருமணம் என்றாலும் இந்த வகுப்பை இங்கே முடித்துச் சான்று எடுத்துப் போகலாம். ஓலை வாசிப்பதற்கு இரு பங்குகளுக்கும் தகவல் போக வேண்டும். துணையாக வருபவர் கத்தோலிக்கர் இல்லை என்றால் மறைமாவட்ட அனுமதி தேவை. இந்தத் தீவில் அது சாதாரணமாக நடப்பதுதான், தயங்காமல் சாமியாரிடம் சொல்லுங்கள்.

அரசுப் பதிவு தனி. வேலை அனுமதி அட்டை (வொர்க் பெர்மிட்) வைத்திருப்பவர், முன்பு வைத்திருந்தவர் உட்பட, சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் முன் அனுமதி கட்டாயம். இதை அறியாமல் மணந்துவிட்டுப் பிறகு அவதிப்படுகிறவர்கள் உண்டு.

தொழிலாளர்களுக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும்

வீட்டு வேலைக்கு வந்த சகோதரிகளுக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் என்பது சட்டம். அதற்குப் பதில் பணம் தருவதாக முதலாளியோடு பேசிக்கொள்ளலாம் என்றாலும், 2023 முதல் மாதத்துக்கு ஒரு நாளையாவது கட்டாயமாக ஓய்வாகவே கொடுத்தாக வேண்டும். ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும் என்பதை வேலையில் சேரும்போதே முதலாளியிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சம்பளம் வரவில்லை, அடி, பட்டினி என்று எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் உயர்மறைமாவட்டத்தின் புலம்பெயர்ந்தோர் மேய்ப்புப்பணிக் குழு, ஏசிஎம்ஐ என்று கூப்பிடுவார்கள், உதவும். எந்த மதம் என்று அங்கே கேட்கமாட்டார்கள். தையல், சமையல், ஆங்கிலம் போன்ற வகுப்புகளும் நடத்துகிறார்கள். எண் தெரியவில்லை என்றால் எந்தப் பங்கு அலுவலகத்திலும் கேட்கலாம்.

நோயும் சாவும்

மருத்துவமனையில் படுத்தவருக்கு நோயில்பூசுதல் வேண்டும் என்றால் தாதியிடம் சொல்லுங்கள், அல்லது உங்கள் பங்குக்குப் போன் செய்யுங்கள். கடைசி மூச்சு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சாவு நேர்ந்தால் முதலில் ஈமச்சடங்கு நிறுவனத்தையும் பங்கையும் அழையுங்கள். நகர மன்ற அனுமதியோடு புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்துச் சில நாள் இரவு ஜெபம் நடக்கும். பங்கின் துக்க ஆறுதல் குழுவினர் ஒரு முறைகூடப் பார்த்திராத உங்கள் வீட்டுக்கும் வந்து ஜெபமாலை சொல்வார்கள், பாடுவார்கள். ஊரில் இருந்து உறவு வந்து சேர முடியாத வீட்டில் அவர்கள்தான் உறவு. அடக்கம் சுவா சூ காங் கல்லறையில்தான். அதுவும் 15 வருஷத்துக்கு மட்டும், பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். அதனால் பெரும்பாலான குடும்பங்கள் மண்டாயில் தகனம் செய்து சாம்பலைக் கோவில் சாம்பல் மாடத்தில் வைக்கிறார்கள். சாம்பலைக் கடலில் தூவுவதையும் வீட்டில் வைத்துக்கொள்வதையும் திருச்சபை அனுமதிப்பதில்லை.

வருஷத்தில் குறித்து வைக்க வேண்டிய நாட்கள்

பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். சீனப் புத்தாண்டுப் பூசைக்கு ஒருமுறையாவது போங்கள், மந்தாரின் ஆரஞ்சை மந்திரித்துக் கொடுப்பார்கள். தவக்காலத்தோடு அது மோதுகிற வருஷமும் உண்டு. 2026-இல் புத்தாண்டின் முதல் நாள் பிப்ரவரி 17, மறுநாளே திருநீற்றுப் புதன். அந்த மாதிரி நேரத்தில் நோன்பு பற்றிப் பேராயர் என்ன அறிவிக்கிறார் என்று கவனியுங்கள்.

பெரிய வியாழன் வேலை நாள். மாலைப் பூசைக்குப் பின் இளைஞர்கள் கூட்டமாகக் கோவில் கோவிலாகப் போய் நற்கருணை முன் ஜெபிப்பார்கள், மேலே சொன்ன நடைவழியே அதற்குத் தோதானது. பெரிய வெள்ளி பொது விடுமுறை. விக்டோரியா ஸ்திரீட் சூசையப்பர் கோவிலின் மெழுகுதிரிப் பவனி பெயர்பெற்றது, இடம் வேண்டுமானால் நேரத்தோடு போய்விடுங்கள். நவநாள் பக்தி உள்ளவர்கள் சனிக்கிழமைகளில் தாம்சன் சாலையில் உள்ள புனித அல்போன்சுஸ் கோவிலுக்குப் போகலாம். சகாய மாதா நவநாளுக்குப் பிற மதத்தாரும் திரண்டு வருவார்கள், மக்கள் எழுதிய மன்றாட்டுக் கடிதங்களையும் நன்றிக் கடிதங்களையும் வாசிப்பார்கள். பக்கத்து எம்ஆர்டி நிலையத்துக்கு நொவீனா என்று பெயர் வந்ததே அந்தக் கோவிலால்தான்.

செப்டம்பர் 8 வேளாங்கண்ணி மாதா திருவிழா, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், டிசம்பரில் பிலிப்பினோக்களின் ஒன்பது நாள் சிம்பாங் காபி பூசை. ஜூலை 26-ஐ ஒட்டிப் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. சிங்கப்பூர்ப் பங்குகளிலிருந்து பேருந்து பிடித்துக் குழுவாகப் போவார்கள். அதற்குப் பெயர் கொடுக்க மே மாதத்திலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். மலேசியா போய்வருவதற்கு இந்தியக் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்பதையும், உங்கள் அனுமதி அட்டை காலாவதியாகும் தேதியையும் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.